ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து நான் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை



வழக்கமா நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், கிரெடிட் கார்டுன்னு பேசுவோம். இன்னைக்கு இங்கிலீஷ் வார்த்தைகளைப் பற்றிப் பேசப் போறோம். "ஃபைனான்ஸ் பிளாக்ல எதுக்கு இங்கிலீஷ் கிளாஸ்?"னு உங்களுக்குத் தோணலாம். என் கதையை முதல்ல கேட்டுடுங்க. அப்புறம் அந்தக் கேள்வி வராது.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஆபீஸ்ல எல்லாரும் சரளமா இங்கிலீஷ் பேசுவதைப் பார்த்து எனக்கு ஒரு பயம் வந்தது. உடனே ஒரு நோட்டு வாங்கினேன். தினமும் 10 வார்த்தை. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ் அர்த்தம். 'யுபிக்விட்டஸ்', 'எஃபிமரல்', 'மெட்டிக்குலஸ்' என்று கடினமான வார்த்தைகளாகத் தேடித் தேடி எழுதினேன். ஆறு மாதத்தில் நோட்டு நிரம்பிவிட்டது. எனக்கே ஒரு பெருமை.

அதே சமயத்தில்தான் அப்பாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுத்தேன். 3 லட்சம் ரூபாய் கவரேஜ். பாலிசி புத்தகத்தை முழுசா படித்தேன். ஆமாம், நிஜமாவே படித்தேன்! அதில் இப்படி ஒரு வரி இருந்தது:

"ரூம் ரென்ட் இஸ் சப்ஜெக்ட் டு எ லிமிட் ஆஃப் ஒன் பர்சென்ட் ஆஃப் தி சம் இன்ஷூர்டு பர் டே."

'ரூம் ரென்ட்' தெரியும். 'லிமிட்' தெரியும். 'சப்ஜெக்ட்' என்றால் ஸ்கூல்ல படிச்ச பாடம், இல்லைன்னா இமெயில்ல மேலே போடுற தலைப்பு. அது எதுக்கு இங்க வருதுன்னு ஒரு நொடி யோசித்தேன். சரி, ரூம் வாடகையைப் பற்றி ஏதோ சொல்றாங்கன்னு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து அப்பாவுக்கு ஒரு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் 5 நாள். "அப்பாவுக்கு நல்ல ரூமா கொடுங்க"ன்னு சொல்லி, ஒரு நாளைக்கு 6,000 ரூபாய் வாடகையில் ஏசி ரூம் எடுத்தேன். மொத்த பில் 2 லட்சம். கவரேஜ் 3 லட்சம் இருக்கே, கவலை எதுக்கு?

டிஸ்சார்ஜ் அன்று இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர் கேட்டார்: "சார், உங்க பாலிசியில ரூம் ரென்ட் லிமிட் இருக்கே, பார்க்கலையா?"

கணக்கு இப்படி வந்தது. புரிவதற்காக எண்களை ரவுண்டாகச் சொல்றேன்.

• ரூம் வாடகை 30,000. அனுமதி ஒரு நாளைக்கு 3,000 மட்டும். அதனால் கிடைத்தது 15,000.
• டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000. அனுமதித்ததைப் போல இரண்டு மடங்கு வாடகையில் ரூம் எடுத்ததால், இந்தச் செலவிலும் பாதிதான் தருவார்களாம். கிடைத்தது 60,000.
• மருந்து, டெஸ்ட் செலவு 50,000. இதில் இந்த வெட்டு கிடையாது. முழுசா கிடைத்தது.
• ஆக 1,25,000. அதிலும் 20 சதவீதம் 'கோ-பேமென்ட்', அதாவது நம்ம பங்கு. 25,000 போயாச்சு.

கடைசியில் இன்ஷூரன்ஸ் கொடுத்தது 1 லட்சம். நான் கட்டியது 1 லட்சம். இருந்த ஒரே ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்துக் கட்டினேன்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. எல்லாமே பாலிசியில் எழுதியிருந்தது. 'சப்ஜெக்ட் டு' என்றால் "இதற்குக் கட்டுப்பட்டது, இந்த நிபந்தனைக்கு உட்பட்டது" என்று அர்த்தம். என் நோட்டில் அவ்வளவு வார்த்தை இருந்தும், எனக்குத் தேவைப்பட்ட அந்த ஒன்று இல்லை. இதில் இன்னொரு வேடிக்கை, அந்த நோட்டில் எழுதிய வார்த்தைகளில் இன்று எனக்கு ஞாபகம் இருப்பது மேலே சொன்ன மூன்று மட்டும்தான்.

அப்போ தப்பு எங்கே? அதைத்தான் பார்க்கப் போறோம்.

லிஸ்ட் போட்டு மனப்பாடம் செய்தால் ஏன் நிற்பதில்லை?

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன் மீதே சோதித்துப் பார்த்தவர் அவர். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோகும், அதன் பிறகு மறக்கும் வேகம் குறையும் என்பது அவர் கண்டது. எதனுடனும் ஒட்டாமல் தனியாக நிற்கும் வார்த்தை நம் மூளைக்குக் கிட்டத்தட்ட அந்த அர்த்தமில்லாத அசை மாதிரிதான்.

1978-ல் நார்மன் ஸ்லமெக்கா, பீட்டர் கிராஃப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வேறொரு விஷயத்தைக் காட்டினார்கள். ஒரு வார்த்தையைச் சும்மா படித்தவர்களை விட, ஒரு குறிப்பை வைத்து அதைத் தாங்களே யோசித்துச் சொன்னவர்களுக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது. நாமே உருவாக்கியது மனதில் நிற்கும். அம்மா சொல்லித் தந்த ரசம் மறந்துபோகலாம். நாமே ஒரு தடவை உப்பு அதிகமா போட்டு வைத்த ரசம் மறக்காது, இல்லையா?

2001-ல் பாத்யா லாஃபர், யான் ஹுல்ஸ்டெய்ன் என்ற இருவர் இதை மொழி கற்பதோடு இணைத்துப் பார்த்தார்கள். இங்கிலீஷ் கற்பவர்களில் ஒரு குழு, அர்த்தம் பக்கத்திலேயே கொடுக்கப்பட்ட பாடத்தைப் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டுக் கோடிட்ட இடத்தை நிரப்பியது. மூன்றாவது குழு அந்த வார்த்தைகளைப் பயன்படுத்திச் சொந்தமாக எழுதியது. அதிகம் நினைவில் வைத்திருந்தது, எழுதிய குழு.

இதுக்கு அவங்க சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது. ஒரு வார்த்தை நமக்குத் தேவைப்படணும், அதை நாமே தேடணும், "இந்த இடத்துல இது பொருந்துமா?"னு நாமே எடை போடணும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதும்போது இந்த மூன்றும் நடக்கும். நோட்டில் இரண்டு காலம் போட்டு எழுதும்போது ஒன்றுகூட நடப்பதில்லை.

எந்த வார்த்தைகளில் இருந்து ஆரம்பிப்பது?

என் பதில்: உங்க பணம் சம்பந்தப்பட்ட காகிதங்களில் இருந்து.

ஆஃபர் லெட்டர், சம்பள ஸ்லிப், இன்ஷூரன்ஸ் பாலிசி, லோன் அக்ரிமென்ட், கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம். இந்த ஆறிலும் உள்ள வார்த்தைகள் திரும்பத் திரும்ப வருபவை. அதனால் மறக்காது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் உங்கள் காசு இருப்பதால் தேவையும் இருக்கிறது. இதே வார்த்தைகள் ஆபீஸ் மெயிலிலும் வரும்.

இன்னொரு முக்கியமான விஷயம். நம்மைக் கவிழ்ப்பது எப்போதும் பெரிய வார்த்தை இல்லை. பெரிய வார்த்தை வந்தால் நாம் நின்று தேடுவோம். தெரிந்த மாதிரி தோணும் சின்ன வார்த்தைதான் ஆபத்து. 'சப்ஜெக்ட் டு', 'அப் டு', 'அன்லெஸ்', 'விச்செவர் இஸ் ஹையர்'. இதையெல்லாம் நாம் கண்ணால் தாண்டிவிடுகிறோம்.

நான் பின்பற்றும் 5 ஸ்டெப்

ஸ்டெப் 1: வார்த்தையைத் தனியா எடுக்காதீங்க. அது இருந்த வாக்கியத்தோடு எடுங்க. பாலிசியில் பார்த்தால் அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதுங்க. அகராதியில் ஒரு வார்த்தைக்கு ஐந்து அர்த்தம் இருக்கும். உங்களுக்கு வேண்டியது எது என்று அந்த வாக்கியம்தான் சொல்லும்.

ஸ்டெப் 2: அதன் ஜோடியைக் கண்டுபிடிங்க. இங்கிலீஷ் வார்த்தைகள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் நடமாடும். 'சப்ஜெக்ட்' வேறு, 'சப்ஜெக்ட் டு' வேறு. 'டியூ ஆன்' என்றால் இந்தத் தேதியில் கட்டணும். 'டியூ டு' என்றால் இந்தக் காரணத்தால். ஜோடி மாறினால் அர்த்தமே மாறும்.

ஸ்டெப் 3: மூன்று வாக்கியம் எழுதுங்க. முதல் வாக்கியம் உங்க வாழ்க்கையில் இருந்து, உங்க எண்களோடு. இரண்டாவது ஒரு கேள்வி, அதாவது பேங்கிலோ எச்ஆரிடமோ நீங்க நிஜமாகக் கேட்கக்கூடியது. மூன்றாவது ஆபீஸ் வேலையில் இருந்து. இதில்தான் வார்த்தை பணத்தைத் தாண்டி உங்க பொதுவான இங்கிலீஷுக்குள் வரும்.

'சப்ஜெக்ட் டு'-வையே எடுத்துக்குவோம்.

• "மை ஃபாதர்ஸ் ரூம் ரென்ட் இஸ் சப்ஜெக்ட் டு எ லிமிட் ஆஃப் த்ரீ தௌசண்ட் ருபீஸ் எ டே."
• "இஸ் திஸ் பாலிசி சப்ஜெக்ட் டு எனி கோ-பேமென்ட்?"
• "மை லீவ் இஸ் சப்ஜெக்ட் டு மை மேனேஜர்ஸ் அப்ரூவல்."

மூன்றாவது வாக்கியத்தைப் பாருங்க. மேனேஜர் ஓகே சொன்னால்தான் லீவு. இது எழுதிய பிறகு அந்த வார்த்தை எனக்கு மறக்கவே இல்லை. ஏன்னா, லீவு கேட்டு நிற்கும் வலி எல்லாருக்கும் தெரியும்!

ஸ்டெப் 4: ஒரு வாரத்துக்குள் ஒரு தடவையாவது நிஜமாகப் பயன்படுத்துங்க. ஒரு மெயிலில், ஒரு கஸ்டமர் கேர் காலில், டீம் மீட்டிங்கில். நோட்டில் இருக்கும் வார்த்தை சேமிப்புக் கணக்கில் தூங்கும் பணம் மாதிரி. வெளியே வந்தால்தான் வேலை செய்யும்.

ஸ்டெப் 5: இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்க. அடுத்த நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள். பார்க்கும்போது உடனே பழைய வாக்கியத்தைப் படிக்காதீங்க. வார்த்தையை மட்டும் பார்த்து, புதுசா ஒரு வாக்கியம் சொல்லுங்க. வரலைன்னா பழசைப் பாருங்க. எஸ்ஐபி மாதிரிதான் இதுவும். கொஞ்சமா, ஆனா தவறாமல்.

ஒரு நாளைக்கு 2 வார்த்தை போதும். 10 வேண்டாம். வேலை நாட்களில் மட்டும் செய்தால்கூட ஒரு மாதத்தில் சுமார் 40 வார்த்தை. ஒரு லோன் அக்ரிமென்டை நிதானமாகப் படிக்க அது நல்ல ஆரம்பம்.

சம்பளம் வாங்கும் எல்லாரும் எழுதிப் பார்க்க வேண்டிய வார்த்தைகள்

1. அவுட்ஸ்டாண்டிங்

அப்ரைசல்ல 'அவுட்ஸ்டாண்டிங்'னு போட்டா ஸ்வீட் வாங்கிக் கொடுப்போம். பேங்க் ஸ்டேட்மென்ட்ல 'அவுட்ஸ்டாண்டிங்'னு இருந்தா அது இன்னும் நாம் கட்ட வேண்டிய பாக்கி. ஒரே வார்த்தை, ஒன்று சந்தோஷம், இன்னொன்று கடன்.

என் வாக்கியம்: "மை அவுட்ஸ்டாண்டிங் லோன் அமௌன்ட் இஸ் ஒன் லேக் ஃபார்ட்டி தௌசண்ட் ருபீஸ்."

2. டியூ, ஓவர்டியூ

நாம் தமிழில் "டியூ கட்டணும்"னு சொன்னா தவணை. இங்கிலீஷில் 'டியூ' என்றால் கட்ட வேண்டிய நேரம் வந்தது. 'ஓவர்டியூ' என்றால் அந்தத் தேதி தாண்டிவிட்டது. முதலாவது நினைவூட்டல், இரண்டாவது எச்சரிக்கை.

"மை இஎம்ஐ இஸ் டியூ ஆன் தி ஃபிஃப்த்." ஆபீசுக்கு: "தி ரிப்போர்ட் இஸ் டியூ ஆன் ஃப்ரைடே."

3. அக்ரூ

வட்டி மெல்ல மெல்லச் சேர்ந்துகொண்டே போவது. கிரெடிட் கார்டில் முழுத் தொகையையும் கட்டாமல் மினிமம் டியூ மட்டும் கட்டினால், பொதுவாகப் பொருள் வாங்கிய தேதியில் இருந்தே வட்டி சேரும். உங்க கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்று இருந்தால், 20,000 ரூபாய்க்கு மாதம் 700 ரூபாய். வருஷத்துக்கு 42 சதவீதம்!

"இன்ட்ரஸ்ட் அக்ரூஸ் ஃப்ரம் தி டேட் ஆஃப் பர்ச்சேஸ்." இதை எழுதி கார்டு வைக்கும் பர்ஸில் வைத்துவிடுங்க.

4. வேவ்

ஒரு கட்டணத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பது. கடல் அலைக்கும் கையசைப்பதற்கும் உள்ள 'வேவ்' மாதிரியே ஒலிக்கும், ஆனால் ஸ்பெல்லிங்கில் நடுவில் 'ஐ' என்ற எழுத்து வரும்.

இதுதான் எனக்கு உடனே காசு மிச்சம் பண்ணிக் கொடுத்த வார்த்தை. கார்டின் வருடக் கட்டணம் வந்தபோது கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி, எழுதி வைத்ததைப் பார்த்தே கேட்டேன்: "குட் யூ பிளீஸ் வேவ் தி ஆனுவல் ஃபீ?" ஒரு நிமிஷம் ஹோல்டில் போட்டுவிட்டு, சரி என்றார்கள். எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். கேட்பதற்குக் காசு இல்லை.

5. ஃபோர்குளோஷர்

இதை கூகுளில் தேடினால் பயந்துவிடுவீர்கள். அமெரிக்காவில் இந்த வார்த்தைக்கு, கடன் கட்டாதவரின் வீட்டைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வது என்று அர்த்தம். நம் நாட்டு பேங்க் காகிதங்களில் பெரும்பாலும், கடனைக் காலத்துக்கு முன்பே முழுசாகக் கட்டி முடிப்பது. ஸ்டெப் 1-ல் வாக்கியத்தோடு எடுங்கன்னு சொன்னேனே, அது இதுக்காகத்தான்.

"வாட் இஸ் தி ஃபோர்குளோஷர் சார்ஜ் ஆன் மை பர்சனல் லோன்?" கடன் வாங்கும் முன்பே இதைக் கேளுங்க.

6. விச்செவர் இஸ் ஹையர்

"த்ரீ தௌசண்ட் ருபீஸ் ஆர் டூ பர்சென்ட் ஆஃப் தி அவுட்ஸ்டாண்டிங், விச்செவர் இஸ் ஹையர்." இரண்டில் எது அதிகமோ அது. பாக்கி 1,40,000 என்றால் 2 சதவீதம் 2,800 தான், ஆனால் நீங்க கட்டுவது 3,000. பாக்கி 3 லட்சம் என்றால் 6,000. எப்படிப் பார்த்தாலும் பெரிய எண் அவங்களுக்கு. இதே இடத்தில் 'லோயர்' என்று இருந்தால் சின்ன எண். கடைசி ஒரு வார்த்தையில் கணக்கே மாறிவிடும்.

7. செட்டில்டு, குளோஸ்டு

தமிழில் "கடனை செட்டில் பண்ணிட்டேன்"னு சொன்னா முழுசா முடிச்சாச்சுன்னு நிம்மதி. கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்றால், முழுத் தொகை கட்டாமல் பேசிக் குறைத்துக் கட்டியது. அடுத்த கடன் கேட்கும்போது அது கரும்புள்ளி. முழுசாகக் கட்டி முடித்தால் வர வேண்டியது 'குளோஸ்டு'.

"பிளீஸ் கன்ஃபர்ம் தட் மை லோன் வில் பி ரிப்போர்ட்டட் ஆஸ் குளோஸ்டு, நாட் செட்டில்டு." கடைசித் தவணை கட்டும்போது இந்த ஒரு வரியை மெயில் பண்ணுங்க.

8. ஃப்ரீ லுக்

இலவசமாகப் பார்ப்பது இல்லை! இன்ஷூரன்ஸ் பாலிசி கையில் வந்த பிறகு, படித்துப் பார்த்து பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கத் தரும் அவகாசம். ஐஆர்டிஏஐ 2024-ல் கொண்டுவந்த விதிகளின்படி இது 30 நாள். சில பிடித்தங்கள் போக மீதிப் பிரீமியம் திரும்ப வரும்.

"ஐ வான்ட் டு கேன்சல் மை பாலிசி விதின் தி ஃப்ரீ லுக் பீரியட்." தெரிந்தவர் முகத்துக்காகப் பாலிசி எடுத்துவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் சமர்ப்பணம்.

9. டிஸ்கிரெப்பன்சி

இரண்டு இடத்தில் உள்ள விவரம் பொருந்தாமல் இருப்பது. "நீங்க தப்பு பண்ணிட்டீங்க"ன்னு சொல்லாமல், தப்பைச் சுட்டிக்காட்ட உதவும் நாகரிகமான வார்த்தை. சம்பள ஸ்லிப்பில் பிடித்த வரியும் ஃபார்ம் 16-ல் உள்ள வரியும் ஒன்றாக இல்லையா? எச்ஆருக்கு இப்படி எழுதலாம்:

"ஐ நோட்டிஸ்டு எ டிஸ்கிரெப்பன்சி பிட்வீன் மை பேஸ்லிப்ஸ் அண்ட் மை ஃபார்ம் சிக்ஸ்டீன். குட் யூ பிளீஸ் செக்?"

10. அன்லெஸ்

"இது நடந்தால் ஒழிய" என்று அர்த்தம். இலவச ட்ரயல் தரும் ஆப்களில் பாருங்க: "தி பிளான் வில் ரின்யூ ஆட்டோமேட்டிக்கலி அன்லெஸ் யூ கேன்சல் இட்." நீங்களாக கேன்சல் பண்ணினால் ஒழிய மாதாமாதம் காசு போகும். சும்மா இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்தத் தவறுகளைப் பண்ணாதீங்க

முதல் தவறு, பொதுவான வாக்கியம் எழுதுவது. "அவுட்ஸ்டாண்டிங் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்" என்று எழுதினால் எந்தப் பயனும் இல்லை. அந்த இடத்தில் வேறு எந்த வார்த்தையைப் போட்டாலும் வாக்கியம் நிற்கிறது என்றால், நீங்க அந்த வார்த்தையைப் பயன்படுத்தவே இல்லை என்று அர்த்தம். உங்க எண், உங்க தேதி, உங்க கவலை உள்ளே வரணும்.

இரண்டாவது, ஏஐ டூலிடம் "இந்த வார்த்தைக்கு 10 வாக்கியம் கொடு" என்று கேட்பது. அழகாகக் கொடுக்கும். ஆனால் யோசித்தது அது, நீங்க இல்லை. ஜிம்முக்குப் போய் டிரெய்னரை எடை தூக்கச் சொல்லிவிட்டு வேடிக்கை பார்ப்பது மாதிரி. முதலில் நீங்க எழுதுங்க. பிறகு "இதில் தப்பு இருக்கா?" என்று கேளுங்க. அந்த வரிசை மாறவே கூடாது.

மூன்றாவது, தெரிந்ததைக் காட்டுவதற்காகப் பெரிய வார்த்தை போடுவது. 'டெல்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் கஷ்டமான வார்த்தை போட்டால் மேனேஜர் மயங்க மாட்டார், குழம்புவார்.

நான்காவது, தப்பு வந்துவிடுமோ என்று எழுதாமலே இருப்பது. நான் 'சப்ஜெக்ட் டு'-வுக்கு எழுதிய முதல் வாக்கியம் தப்பு. ஆபீஸ்ல பக்கத்து சீட்டு அக்கா பார்த்துவிட்டு, சிரிக்காமல் திருத்திக் கொடுத்தார். நோட்டில் பண்ணும் தப்புக்கு ஃபைன் கிடையாது. அக்ரிமென்டில் பண்ணும் தப்புக்குத்தான் உண்டு.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லணும்

இதையெல்லாம் படித்துவிட்டு, "இங்கிலீஷ் தெரியாதது என் தப்பு" என்று யாரும் நினைக்க வேண்டாம். புரியும்படி சொல்ல வேண்டிய பொறுப்பு காசு வாங்குபவருக்கும் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குத் தரும் புதிய கடன்களுக்கு 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத்தாள் கொடுக்க வேண்டும். மொத்த வருட வட்டிச் செலவு, கட்டணங்கள் எல்லாம் அதில் இருக்கணும். முக்கியமா, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்கணும். அதை விளக்கிச் சொல்லி, புரிந்தது என்று உங்களிடம் ஒப்புதலும் வாங்கணும்.

அதனால் தயங்காமல் "தமிழில் கொடுங்க, தமிழில் விளக்குங்க"ன்னு கேளுங்க. அது உங்க உரிமை. எல்லாம் முடிந்து "புரிஞ்சுதா சார்?"னு கேட்கும்போது, புரியாமல் தலையாட்டி விடாதீங்க. அந்தத் தலையாட்டல்தான் நான் செய்தது. நான் ஏஜென்ட்டிடம் "எல்லாம் ஓகே சார்"னு சொன்னேன். "இந்த ஒரு வரி புரியலை"ன்னு சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

அப்புறம் என்ன ஆச்சு?

அடுத்த வருஷம் பாலிசி புதுப்பிக்கும் நேரம் வந்தது. இந்தத் தடவை நானே ஒரு மெயில் எழுதினேன். நான்கே கேள்விதான். ரூம் ரென்ட் எந்த லிமிட்டுக்காவது சப்ஜெக்ட் டு-வா? கோ-பேமென்ட் உண்டா, எத்தனை சதவீதம்? ஏற்கனவே இருக்கும் நோய்க்கு வெயிட்டிங் பீரியட் எவ்வளவு மிச்சம்? லிமிட் இல்லாத பிளானுக்கு மாறினால் கூடுதல் பிரீமியம் எவ்வளவு?

பதில் வந்தது. ரூம் லிமிட் இல்லாத பிளானுக்கு மாறினேன். பிரீமியம் கொஞ்சம் கூடியது. கோ-பேமென்ட் மட்டும் போகவில்லை, அப்பா வயதுக்கு அது இருக்கத்தான் செய்யும் என்றார்கள். பரவாயில்லை. இந்த முறை அது எவ்வளவு என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். அதற்காகத் தனியாக ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட்டு வைத்திருக்கிறேன்.

அந்த மெயிலை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதை முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம். வார்த்தை இல்லாததால் கேள்வியே வரவில்லை. ஒரு வார்த்தையை நாம் சொந்தமாக்கிக்கொண்டால், அதை வைத்துக் கேட்க வேண்டிய கேள்வியும் கூடவே வந்துவிடும்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

இந்த வாரத்துக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். உங்ககிட்ட இருக்கும் ஏதாவது ஒரு பாலிசியையோ லோன் பேப்பரையோ திறங்க. ஒரே ஒரு பக்கம். தெரிந்த மாதிரி இருந்தும், யாராவது கேட்டால் விளக்க முடியாத 2 வார்த்தையைப் பென்சிலால் சுழியுங்க. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம்: உங்க கணக்கு, உங்க கேள்வி, உங்க ஆபீஸ். நாளைக்கு 2. நாளன்னைக்கு 2. ஞாயிற்றுக்கிழமை, எழுதிய கேள்விகளில் ஒன்றை நிஜமாகவே பேங்குக்கோ இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கோ மெயிலாக அனுப்புங்க.

பதில் வரும்போது அதில் இன்னும் இரண்டு புது வார்த்தை இருக்கும். அதுவும் நோட்டுக்குப் போகட்டும்.

அடுத்த பதிவில், சம்பள ஸ்லிப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்க்கலாம். அதுவரை எந்தக் காகிதத்திலும் புரியாமல் கையெழுத்து போடாதீங்க.